வினையூக்கி சும்மா நிற்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மாணவர் பக்கத்தில் வந்த வேதியியல் துணுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு டியூஷனுக்கு வந்தான் ஒரு பையன். "சார், வினையூக்கி வினையில் கலந்துகொள்ளாதுன்னு பேப்பர்லயே போட்டிருக்காங்களே." இந்த ஒரு வரியோடு எத்தனை வருடமாக மல்லுக்கட்டுகிறேன், இப்போது அச்சிலேயே வந்துவிட்டது.

வினையூக்கி என்பதே வேதிவினையின் வேகத்தைக் கூட்டும் பொருள். கலந்துகொள்ளாமல் வேகம் எப்படி ஐயா கூடும்? ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு சிட்டிகை பொட்டாசியம் அயோடைடு போட்டதும் புசுபுசுவென்று நுரைக்கிறதே, அங்கே அயோடைடு முதலில் பெராக்சைடிடமிருந்து ஒரு ஆக்சிஜனைப் பிடுங்கித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது, அப்புறம் இன்னொரு பெராக்சைடு மூலக்கூறோடு மோதி ஆக்சிஜன் வாயுவை வெளியேற்றிவிட்டுப் பழையபடி அயோடைடாகிவிடுகிறது. கடைசியில் போட்டது போட்டபடி கிடைக்கிறது, சரி. அதற்காக நடுவில் அது சும்மா இருந்தது என்று சொல்லலாமா?

பெராக்சைடு தானாகச் சிதைய மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல் கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, வேண்டும். அயோடைடு காட்டும் வழியில் 56 போதும். 19 தானே குறைந்தது என்று தோன்றும், ஆனால் மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால் அறை வெப்பநிலையில் அதற்கே வேகம் ஏறக்குறைய 2000 மடங்கு கூடிவிடும்.

துணுக்கில் வினையூக்கியைக் கல்யாணத் தரகரோடு ஒப்பிட்டு ஓர் உவமை வேறு. இந்தத் தரகர் முதலில் தானே மாலை மாற்றிக்கொண்டு, பிறகு கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறவர் (உவமை விவகாரமாகப் போகிறது, விட்டுவிடுகிறேன்).

அம்மோனியா தயாரிப்பில் வினையூக்கியான இரும்பு விளைச்சலைக் கூட்டுகிறது என்று எழுதியிருப்பதும் தவறு. இரும்பு அம்மோனியா உருவாகும் முன்னோக்கு வினை, அது திரும்பப் பிரியும் பின்னோக்கு வினை இரண்டையும் ஒரே மடங்கு வேகப்படுத்தும், அவ்வளவுதான். இரண்டு வினையும் ஒரே வேகத்தில் நடக்கும் சமநிலையில் எவ்வளவு அம்மோனியா இருக்கும் என்பது வெப்பமும் அழுத்தமும் பார்த்துக்கொள்ளும் விஷயம். அந்த இரும்பும் சும்மா நிற்பதில்லை. நைட்ரஜன் மூலக்கூறு அதன் பரப்பில் ஒட்டி, இரண்டு அணுவாகப் பிரிந்த பிறகே ஹைட்ரஜனோடு சேர்கிறது. இதையெல்லாம் படிப்படியாகக் காட்டிய ஜெர்மன் வேதியியலாளர் கெர்ஹார்ட் எர்ட்லுக்கு 2007இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

நம்பாதவர்கள் மருந்துக்கடைப் பெராக்சைடில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றையும் வேகவைத்த துண்டு ஒன்றையும் போட்டுப் பாருங்கள். பச்சைத் துண்டு நுரைத்துத் தள்ளும். வெந்தது கம்மென்று கிடக்கும், ஏனென்றால் அதிலிருந்த இயற்கை வினையூக்கியான கேட்டலேஸ் நொதி வேகும்போதே உருக்குலைந்துவிட்டது.

திருத்தம் போடுவதானால் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். பையன் அந்தத் துணுக்கை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறான், அதன் மேலேயே இதை ஒட்டச் சொல்ல வேண்டும்.

– ஒரு வேதியியல் ஆசிரியர், விழுப்புரம்