கழிவுக்கு யார் கணக்குக் காட்டுவது?

ஆசிரியருக்கு வணக்கம்,

இங்கிலாந்தின் தண்ணீர்க் கம்பனிகள் மலக்கழிவை ஆற்றில் விடுவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியை வாசித்தேன். லண்டனில் இருக்கிற எங்கள் சனத்துக்கு இது பழைய கதை, போன் எடுத்தாலே அங்கே தண்ணீர் கொடுக்கிற தேம்ஸ் வோட்டர் கம்பனியின் பில் கூடிப்போச்சு என்றுதான் தொடங்குவார்கள். 1989இல் தனியாருக்குக் கொடுத்த சேவை அது. 2024இல் மட்டும் இங்கிலாந்தில் சுத்திகரிக்காத கழிவு ஒவ்வொரு வாயாலும் ஆற்றிலும் கடலிலும் பாய்ந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் 36 இலட்சம் மணித்தியாலம் வருகிறது. 2025 மே மாதம் தேம்ஸ் வோட்டருக்கு 122.7 மில்லியன் பவுண் தண்டம் விதித்தார்கள், அதே வருடம் வந்த சட்டத்தில் ஒழுங்காக நடக்காத கம்பனிகளின் மேலதிகாரிகளுக்கு போனஸை மறிக்கவும், விசாரணையைக் குழப்புகிறவர்களைச் சிறைக்கு அனுப்பவும் இடமிருக்கிறது.

வெள்ளைக்காரன் ஊரிலும் இப்படித்தானா என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த மணிக்கணக்கு எப்படித் தெரியவந்தது? 2023 முடிவதற்குள் மழைக்காலத்தில் கழிவு வழிந்தோடும் வாய்கள் எல்லாவற்றிலும் கருவி பூட்டி, அது காட்டுவதை ஊருக்கே தெரியப் போட வைத்தார்கள். சுற்றாடலைக் காக்கும் அரச நிறுவனம் வருடாவருடம் ஒவ்வொரு கம்பனிக்கும் 1 முதல் 4 வரை நட்சத்திரம் போடுகிறது. 2024க்கு தேம்ஸ் வோட்டர் வாங்கியது ஒன்றே ஒன்று. இதனால் ஆறு சுத்தமாகிவிடவில்லை, சரி. யாரைப் பிடித்துக் கேட்பது என்றாவது அங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

இங்கே யாழ்ப்பாணத்தில்? எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, காலுக்குக் கீழே சுண்ணாம்புக் கல்லும் அதன் வெடிப்புகளில் நிற்கிற தண்ணீரும்தான். மலக்குழியும் அதே கல்லில், கிணறும் அதே கல்லில், காணிகள் துண்டு துண்டாகப் பிரிய இரண்டும் நெருங்கிக்கொண்டே வருகின்றன. தோட்ட உரமும் சேர்ந்து தண்ணீரில் நைத்திரேற்று என்கிற உப்பு ஏறுகிறது (உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்). கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, கைக்குழந்தை இருக்கிற வீடுகள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். போன தடவை எங்கள் குழியை இறைக்க வந்த பவுசர்காரரிடம் எங்கே கொண்டுபோய் ஊத்துறனீங்கள் என்று கேட்டேன். "அது தூரத்தில அண்ணை" என்றார், அவ்வளவுதான்.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. நல்ல விசயம். ஆனால் குழாயில் வருகிற தண்ணீர் குளித்துக் கழுவியபின் எங்கே போகும்? பழையபடி அதே கல்லுக்குள்தான், நகரம் முழுவதற்கும் கழிவைக் கொண்டுபோகும் குழாய் இன்னும் இல்லையே.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, மாசுபடுத்தியவர்தான் பணம் கட்ட வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மின் நிலையத்தை நடத்திய கம்பனியிடம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. எண்ணெய் என்றால் கண்ணுக்குத் தெரியும், மணக்கும். மலக்கழிவுக்கு அப்படி ஒரு கம்பனியைக் கைகாட்ட முடியாது, அதனால்தான் சபைகளும் திணைக்களங்களும் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருக்கின்றன.

பெரிய சுத்திகரிப்பு நிலையம் வரும்போது வரட்டும். அதற்கு முதல் ஒவ்வொரு உள்ளூராட்சி சபையும் தன் பகுதிக் கிணறுகளின் பரிசோதனை முடிவையும், எத்தனை பவுசர் கழிவு எங்கே கொட்டப்பட்டது என்பதையும் மாதாமாதம் வெளியிடட்டும். அதற்குக் கோடிக்கணக்கில் காசு வேண்டாம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எங்கள் சபைக்கு இந்த இரண்டு கேள்வியையும் நான் எழுதிப் போடுகிறேன், மற்றச் சபைகளிடம் உங்கள் நிருபர்கள் கேட்டால் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரசுரிக்கலாம்.

ஒரு வாசகர்,
கொக்குவில்