முதலில் யன்னலைப் பாருங்கள், பிறகு லென்ஸை வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வார இதழில் வந்த கமராக் கட்டுரையை இங்கே ஸ்ரூடியோவுக்கு வந்துபோகும் பெடியள் எல்லாரும் வாசித்துவிட்டார்கள். ரேஞ்ச்ஃபைண்டர் கமரா கையில் இருந்தால் எப்பாடு பட்டாவது எஃப் 1.4 லென்ஸ் ஒன்று வாங்கிப் போடச் சொல்லியிருந்தது. (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலத் திறந்து வெளிச்சத்தைக் கூட உள்ளே விடும்.) கொழும்பு ஹோட்டல் மண்டபத்துக்கும் லண்டன் மாரிகாலத்துக்கும் அது சரியாக இருக்கலாம். முல்லைத்தீவு வெயிலில் நின்று படம் எடுக்கிறவன் அதைக் கேட்டு நடந்தால் காசுதான் கரியாகும். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கம் இந்தக் கமராக்கள் கடைக்குப் போய் வாங்குகிற சாமான் இல்லை. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற மாமா புதுசு ஒன்று வாங்கியதும், பழசு கோவில் திருவிழாவுக்கு வருகிற யாரோ ஒருவரின் பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவில் வந்துசேரும். எப்சன் ஆர்-டி1, லைக்கா எம்8, எம்9, எம் 240 என்று இப்படி வந்தவைதான் எல்லாம். (லைக்கா என்றது சிம் அட்டைக் கம்பனி இல்லை, ஜெர்மன்காரரின் கமராக் கம்பனி.) வந்த கையோடு பெடியன் கேட்கிற முதல் கேள்வி, 'அண்ணை, இதுக்கு என்ன லென்ஸ் போடலாம்?' அந்தக் கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. அதைக் கட்டுரையிலும் காணவில்லை.

சாதாரண டிஜிற்றல் கமராவில் லென்ஸை மாற்றினால் கண்ணுக்குத் தெரிகிற காட்சியும் மாறும். ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி இல்லை. நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, கமராவின் மேல் மூலையில் இருக்கும் தனி யன்னல் வழியாக. அகலமாக எடுக்கிற 28 மில்லிமீற்றர் லென்ஸைப் போட்டாலும் தூரத்தைக் கிட்டக் கொண்டுவருகிற 90ஐப் போட்டாலும் யன்னலுக்குள் அதே காட்சிதான். உள்ளே தெரிகிற வெள்ளைக் கோடுகள் மட்டும் மாறி, படத்தில் எவ்வளவு விழும் என்று காட்டும். நடுவில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் உருவம் இரண்டாகத் தெரியும், வளையத்தைத் திருப்பி இரண்டும் ஒன்றானால் ஃபோகஸ். ஆகவே உங்கள் யன்னலில் எந்த லென்ஸுக்குக் கோடு இருக்கிறதோ, அதிலும் உங்கள் கண்ணுக்கு எந்தக் கோடு முழுதாகத் தெரிகிறதோ, அந்த லென்ஸைத்தான் வாங்க வேண்டும். மற்றதெல்லாம் அலுமாரியில் கிடக்கும்.

எப்சன் ஆர்-டி1 2004இல் வந்தது. டிஜிற்றல் ரேஞ்ச்ஃபைண்டரில் அதுதான் முதல். அதில் 28, 35, 50 என்று மூன்றே கோடுகள், மேலே உள்ள சின்ன நெம்பைத் தள்ளி நாங்களே தெரிவுசெய்ய வேண்டும். ஆனால் யன்னல் உருவத்தைச் சிறிதாக்காமல் கண்ணுக்குத் தெரிகிற அளவிலேயே காட்டும், இரண்டு கண்ணையும் திறந்துகொண்டே எடுக்கலாம். அந்தச் சுகம் வேறெந்த டிஜிற்றல் ரேஞ்ச்ஃபைண்டரிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பிலிமுக்குப் பதிலாக வெளிச்சத்தை வாங்குகிற சென்சர் சிறியது, அதனால் லென்ஸ் எண்ணை ஒன்றரை மடங்காகக் கணக்குப் பார்க்க வேண்டும். 35 போட்டால் பழைய பிலிம் கமராவின் 50 மாதிரி நடக்கும், 28 போட்டால் 42 மாதிரி. 2006இல் வந்த எம்8இல் கணக்கு 1.33. அதன் கோடுகள் சோடி சோடியாக வரும்: 24உடன் 35, 28உடன் 90, 50உடன் 75. 2009இல் எம்9 வந்தபோதுதான் சென்சர் பிலிம் அளவுக்கு வந்தது, 28க்கு 28தான். அதில் 28உடன் 90, 35உடன் 135, 50உடன் 75.

கண்ணாடி போடுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எம்8, எம்9 யன்னல்கள் உருவத்தை 0.68 மடங்காகக் காட்டுபவை, 2017இல் வந்த எம்10இல் 0.73. எம்9இல் 28 கோடு யன்னலின் விளிம்போடு ஒட்டி நிற்கும். மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால் ஓரங்கள் மறைந்துபோய், கண்ணை இடமும் வலமும் உருட்டித் தேட வேண்டும். கலியாண வீட்டில் தாலி ஏறுகிற நேரம் கண்ணை உருட்டிக்கொண்டிருக்க முடியுமா? அவர்களுக்கு நான் 35தான் சொல்வேன். யன்னலில் திருகிப் பொருத்துகிற பார்வைத் திருத்தக் கண்ணாடியும் கிடைக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுக்க விருப்பமானால் உங்கள் பவர் சொல்லி அதைக் கேளுங்கள்.

இனி அந்த எஃப் 1.4 கதைக்கு வருவோம். மதியம் பன்னிரண்டு மணி, முல்லைத்தீவுக் கடற்கரை மணல். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணின் அளவு என்பது பழைய ஸ்ரூடியோக்காரர் எல்லாருக்கும் மனப்பாடம். ஐ.எஸ்.ஓ. என்பது வெளிச்சத்தை எவ்வளவு கூர்மையாகச் சென்சர் வாங்கும் என்கிற எண், எம்9இன் அடிப்படை ஐ.எஸ்.ஓ. 160. அப்போ எஃப் 16இல் 1/160. அங்கிருந்து எஃப் 1.4 வரை ஏழு படி திறக்க வேண்டும், ஒவ்வொரு படிக்கும் வேகம் இரட்டிக்கும், கடைசியில் நிற்பது 1/20000 கிட்ட. எம்9இன் ஷட்டர் 1/4000க்கு மேல் ஓடாது. எஃப் 2.8 வைத்தாலே வெளிச்சம் கூடிப் படம் வெளுக்கும், எஃப் 4இல்தான் அடங்கும். ஆர்-டி1 இன்னும் மோசம், 1/2000தான் உச்சம், ஐ.எஸ்.ஓ. 200இல் தொடங்குகிறது, எஃப் 5.6க்கு மேல் திறக்க வழியில்லை. எம்8 மட்டும் 1/8000 போகும், அதனால் எஃப் 2.8 வரை சமாளிக்கும். கறுப்பு ஃபில்டர் போட்டால் திறக்கலாம்தான். இவ்வளவு காசைக் கொட்டி வெளிச்சம் கூட உள்ளே விடுகிற லென்ஸை வாங்கிவிட்டு, அந்த வெளிச்சத்தை மறைக்க இன்னொரு காசா?

பெரிய லென்ஸின் உடம்பும் யன்னலின் கீழ் மூலையை மறைக்கும், அதற்கு மேல் வெயில் மறைப்பையும் பூட்டினால் கால்வாசி போச்சு.

இரவில் பயன்படும் என்பதை மறுக்கவில்லை. வற்றாப்பளை அம்மன் வைகாசிப் பொங்கலில் வீதியில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் எடுக்க வேண்டுமென்றால் எஃப் 2 வேண்டும்தான். எஃப் 2 போதும். 35 லென்ஸில் 1/30 கைநடுக்கமில்லாமல் பிடிக்கலாம், மிச்சத்தை ஐ.எஸ்.ஓ. 1250 பார்த்துக்கொள்ளும், படத்தில் கொஞ்சம் மணல் மாதிரிப் புள்ளி தெரிந்தால் தெரியட்டும்.

பின்னணியைக் கலங்கடிக்கத்தானே எஃப் 1.4 என்று பெடியள் கேட்பார்கள். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். இந்த மண்ணில் எத்தனை வீடுகளில் 2009க்கு முந்திய ஒரு படமும் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அல்பம் எல்லாம் விட்டுப்போன சனம். அப்படிப்பட்ட வீட்டின் சாமத்தியவீட்டில் பிள்ளையின் கண்ணிமை மட்டும் தெளிவாக, பின்னால் நிற்கிற அம்மம்மா, வீட்டுத் திண்ணை, கிணற்றடி எல்லாம் வெண்ணெய் மாதிரி உருகிப்போன படம் எதற்கு? கொஞ்சக் காலம் போனால் அந்தப் பின்னணியைத்தான் எல்லாரும் விரல் வைத்துக் காட்டுவார்கள். எஃப் 8இல் வையுங்கள். எம்9இல் 28 லென்ஸை எஃப் 8இல் 3.3 மீற்றரில் நிறுத்தினால் ஏறக்குறைய 1.7 மீற்றரிலிருந்து அடிவானம் வரை தெளிவு, ஃபோகஸ் வளையத்தைத் தொடவே தேவையில்லை. 35 என்றால் 5 மீற்றரில் நிறுத்துங்கள், இரண்டரை மீற்றரிலிருந்து தெளிவு.

ரேஞ்ச்ஃபைண்டரின் உண்மையான இலாபம் கோட்டுக்கு வெளியே தெரிகிற இடத்தில் இருக்கிறது. கரைவலை இழுக்கிறதை 35 கோட்டுக்குள் பிடித்துப் பாருங்கள். கயிற்றைப் பிடித்துப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கிற ஏழெட்டுப் பேர் உள்ளே இருப்பார்கள், கோட்டுக்கு வெளியே இடது பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொருவர் ஓடி வருவது முன்கூட்டியே தெரியும். அவர் கை கயிற்றில் படுகிற கணத்துக்குக் காத்திருந்து அமத்தலாம். மற்றக் கமராக்களில் ஆள் உள்ளே வந்த பிறகுதான் கண்ணில் படுவார். 28 கோடு எம்9 யன்னலை நிரப்பிவிடுவதால் இந்த வெளி இடம் கிடைக்காது. நான் 35 என்று விடாமல் சொல்வதற்கு இதுவும் காரணம்.

கோடுகளை அப்படியே நம்பவும் கூடாது. எம்8இன் கோடுகள் 0.7 மீற்றர் தூரத்துக்கு வரையப்பட்டவை. தள்ளி நின்று மாப்பிள்ளை பொம்பிளை வீட்டார் எல்லாரையும் சேர்த்து எடுத்தால், கோட்டில் காணாத பிளாஸ்ரிக் கதிரையும் சாப்பாட்டு வாளியும் ஓரத்தில் வந்து நிற்கும். எம்9இல் ஒரு மீற்றருக்கு, பிறகு வந்த எம் 240இல் இரண்டு மீற்றருக்குத் திருத்தியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் எடுத்தால் கை பழகிவிடும்.

கோடு இல்லாத அகல லென்ஸ்தான் வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு வெளி வியூஃபைண்டர், அதாவது தனியாக வாங்கிப் பூட்டுகிற பார்வை யன்னல், இருக்கிறது, ஃப்ளாஷ் மாட்டுகிற இடத்தில் செருகுவது. இதில் வாங்கும்போதே பிழைக்கிற இடம் லென்ஸில் எழுதியிருக்கிற எண். எம்8இல் 21 லென்ஸ் போட்டால் 28 வியூஃபைண்டர் வேண்டும், 15 போட்டால் 21 வியூஃபைண்டர், 21 லென்ஸுக்கு 21 என்று கேட்டு வாங்கினால் படத்தில் விழாததெல்லாம் உள்ளே தெரியும். லைக்காவின் பல அளவு வியூஃபைண்டர் ஒன்று 16, 18, 21, 24, 28 என்று திருப்பி வைக்கக்கூடியது. நல்ல சாமான்தான், ஆனால் கமராவின் தலையில் குடியிருக்கிற மாதிரிப் பெரிது. எதை வாங்கினாலும் ஃபோகஸுக்கு ஒரு யன்னல், படத்துக்கு இன்னொரு யன்னல் என்று கண் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும், அது செருகியிருக்கும்வரை ஃப்ளாஷ் மாட்ட முடியாது. கலியாண வேலை செய்கிறவனுக்கு அத்தோடு கதை முடிந்தது. எம் 240க்கும் பிறகு வந்த எம்10க்கும் அதே இடத்தில் மின்னணு வியூஃபைண்டர் பொருத்தலாம், லென்ஸ் காண்பதையே காணலாம். வெயிலில் பின்திரை ஒன்றும் தெரியாத எங்கள் ஊருக்கு அது உதவும். ஆனால் எப்போதும் அதில்தான் பார்ப்பதென்றால் பேசாமல் மிரர்லெஸ் என்கிற மின்திரைக் கமரா ஒன்றை வாங்கியிருக்கலாமே.

அகல லென்ஸில் இன்னொரு வில்லங்கம். பிலிம் காலத்து அகல லென்ஸ்களில் பின்கண்ணாடி சென்சருக்கு மிகக் கிட்ட நிற்கும், ஓரத்துக்குப் போகிற வெளிச்சம் சரிந்து விழும், எம்9இல் படத்தின் ஓரங்கள் சிவப்பு ஊதாவாகப் போகும். வொய்க்ட்லாண்டர் கம்பனியின் 15 லென்ஸில் 2015இல் வந்த மூன்றாவது பதிப்பை இதற்காகவே மாற்றிச் செய்தார்கள். பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதென்றால் கறுப்பு வெள்ளைக்கு மட்டும் வாங்குங்கள்.

எம்8 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அதன் சென்சர் அகச்சிவப்புக் கதிரையும் வாங்கும். கறுப்புப் பொலியெஸ்டர் துணி ஊதாவாக விழும். பட்டமளிப்பு அங்கி, கறுப்புக் கோட் எல்லாம் கெட்டுப்போகும். ஒவ்வொரு லென்ஸுக்கும் அகச்சிவப்பைத் தடுக்கிற ஃபில்டர் வேண்டும். ஆகவே ஒரே ஃபில்டர் அளவுள்ள லென்ஸ்களாகப் பார்த்து எடுங்கள். 39 மில்லிமீற்றர் ஃபில்டர் அளவு நல்லது, லைக்கா 35, 50 எஃப் 2 லென்ஸ்களில் பெரும்பாலானவை அதுதான், வொய்க்ட்லாண்டர் 35 எஃப் 2.5உம் அதே அளவு. சின்ன உடம்பு, யன்னலை மறைக்காது, விலையும் தாங்கும். ஒரே ஒரு லென்ஸ் என்றால் என் கை அதற்குத்தான் போகும். 40 லென்ஸ் மலிவு என்று வாங்காதீர்கள், அதைப் போட்டால் பெரும்பாலும் 50 கோடுதான் வரும், படமோ அதைவிட அகலம். 90உம் வேண்டாம், கோடு நடுவில் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும்.

பழைய ரஷ்ய ஜூப்பிட்டர்-8 லென்ஸ் இங்கேயும் ஒன்றிரண்டு அலைகிறது. அடாப்டர் போட்டு மாட்டலாம், தள்ளி நிற்கிற ஆளுக்கு நன்றாகத்தான் வரும், ஆனால் ரஷ்ய லென்ஸின் ஃபோகஸ் கணக்கு லைக்காவின் கணக்கோடு சரியாகப் பொருந்தாது, கிட்ட எடுத்தால் ஃபோகஸ் தவறிப்போகும். அடாப்டரிலும் வகை இருக்கிறது. எந்தக் கோடு வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதன் விளிம்புதான், 35க்கான அடாப்டரை 50 லென்ஸுக்குப் போட்டால் பிழையான கோடு வரும்.

மாமா அனுப்புவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: லென்ஸின் முன்வளையத்தில் எழுதியிருப்பது என்ன, பின்பக்கம் திருகா பூட்டா, யன்னலால் பார்த்தால் என்ன கோடு வருகிறது. தூரத்தில் இருக்கிற கோபுரத்தையோ சந்திரனையோ பார்த்து இரண்டு உருவமும் சரியாக ஒன்றாகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது ஆடிப்போயிருந்தால் இங்கே திருத்த ஆள் பிடிப்பது கஷ்டம். லென்ஸுக்குப் பின்னால் ரோர்ச் அடித்து முன்னால் பார்த்தால் சிலந்தி நூல் மாதிரித் தெரிகிறதா? அது பூஞ்சணம், எங்கள் கார்த்திகை மார்கழி ஈரத்துக்கு இரண்டு மடங்காகும், அதை வாங்காதீர்கள். எம்9 என்றால் எஃப் 16இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், சென்சருக்கு மேலுள்ள கண்ணாடி அரித்திருந்தால் வட்டம் வட்டமாகத் தெரியும். படம் வந்த பிறகு சரி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஸ்ரூடியோக்காரர் ஒருவர்,
முள்ளியவளை.