பக்கத்து சீட்டுக்காரருக்கும் பாடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பதின்வயதுப் பிள்ளைகள் பழகுநர் உரிமம் வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வயதுச் சான்று, கண்பார்வை, சாலைக் குறியீடுகள் என்று எல்லாவற்றையும் விளக்கியவர், உரிமம் கைக்கு வந்த மறுநாளை ஒரே வரியில் முடித்துவிட்டார்: அனுபவமுள்ள ஒருவர் உடன் இருக்க வேண்டுமாம். அந்த ஒருவராக ஆறு மாதம் உட்கார்ந்தவள் நான்.

முதல் நாள் முழுக்க என் வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. அங்கே பிரேக் கிடையாது என்பது காலுக்குப் புரியவில்லை. வாய் "பாத்து, பாத்து" என்றது. காலி மைதானத்தில் மூன்றாவது முறையாக வண்டி நின்றுபோனதும் மகன் கேட்டான்: "எதைம்மா பாக்கணும்?" நியாயமான கேள்வி. "அந்த வேனுக்குப் பின்னாலிருந்து யாராவது குறுக்கே வரலாம், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு" என்று சொல்லப் பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்குட்பட்டவர்கள் ஓட்டுநர் தேர்வுக்குப் போகும் முன் 120 மணி நேரம் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில். கொஞ்சம் அதிகம்தான் என்று நினைத்தேன். நாங்களும் ஒரு நோட்டுப் போட்டுக் குறித்து வந்தோம். ஆறு மாதத்தில் 41 மணி நேரம் சேர்ந்திருந்தது. மழை நாளில் ஓட்டியது ஒரு மணி நேரம்கூட இல்லை. காரணம் நான்தான். தூறல் விழுந்தாலே "நகரு, நான் ஓட்டுறேன்" என்று ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டேன். இருட்டினாலும் அதே கதை. அவன் கற்க வேண்டிய நேரத்திலெல்லாம் நான் ஓட்டியிருக்கிறேன்.

பெரியவர் பக்கத்தில் இருக்கும்வரை ஆபத்து குறைவு. தேர்வில் தேறி, தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் விபத்துகள் அதிகம். கூட நண்பர்கள் ஏறினால் இன்னும் மோசம். இதற்காகவே நியூசிலாந்து 1987-இல் படிப்படியாக உரிமம் தரும் முறையைக் கொண்டுவந்தது. அங்கே தேர்வில் தேறியவர்களும் முதல் கட்டத்தில் பின்னிரவில் தனியாக ஓட்ட முடியாது, நினைத்தபடி நண்பர்களை ஏற்றிக்கொள்ளவும் முடியாது.

மகனின் தேர்வைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். இரண்டு நாளாக அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த மழைக்குச் சாவியை அவனிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்ல வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பக்கமாவது எழுதுங்கள்.

– ஒரு வாசகி