லாப்ரடாருக்கு நடை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரில் தரைவீடுகளிலும் கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடிகளிலும் லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. எல்லா வீட்டிலும் புகார் ஒன்றுதான். செருப்பைக் குதறுகிறது, வாரை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, கிடைத்ததை வாயில் கவ்விக்கொண்டு வீட்டைச் சுற்றுகிறது என்பார்கள். காலையும் மாலையும் நடக்க அழைத்துப் போகிறோமே, இன்னும் என்ன செய்வது என்றும் கேட்பார்கள்.

இவை இரண்டும் 'கன்டாக்' வகை, அதாவது துப்பாக்கி வேட்டைக்குத் துணைபோகும் நாய்கள். துப்பாக்கிக்காரர் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்து, பறவை விழுந்த இடத்தை நினைவில் வைத்து, சொன்ன பிறகே ஓடி, அதை நசுக்காமல் கவ்விவந்து கையில் கொடுப்பதற்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்டவை. கோல்டன் ரிட்ரீவரின் மூதாதைகளை ட்வீட்மவுத் பிரபு ஸ்காட்லாந்தில் இனம் சேர்க்கத் தொடங்கியது 1868இல். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் நாய்வழி வந்த லாப்ரடாரை பிரிட்டனின் கென்னல் கிளப் 1903இல் தனி இனமாக ஏற்றது. வாயில் எதையாவது தூக்கித் திரிவது இவற்றின் பிறவிக்குணம். அதை அதட்டி நிறுத்துவது வீண், வேலையாக மாற்றிவிட வேண்டும்.

சிங்கப்பூரில் வேட்டை கிடையாது. அனுமதியின்றிக் காட்டுப் பறவையைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். துப்பாக்கி சுடுதல் மன்றத் தளங்களுக்குள் நடக்கும் விளையாட்டு மட்டுமே. அங்கே பறக்கும் தட்டைச் சுடும் ஆட்டத்திலும் நாய்க்கு வேலை இல்லை. 110 மில்லிமீட்டர் தட்டு குண்டு பட்டதும் சிதறிப்போகும், எடுத்துவர எதுவும் மிஞ்சாது. ஆனால் துப்பாக்கியும் பறவையும் இல்லாமலேயே கன்டாக் பயிற்சியின் பெரும்பகுதியைச் செய்யலாம். பறவைக்குப் பதிலாக எறியும் 'டம்மி' என்ற கான்வாஸ் உருளை ஒன்று, விசில் ஒன்று, 10 மீட்டர் கயிறு ஒன்று இருந்தால் போதும்.

வளர்ந்த நாய்க்கு டம்மி சுமார் 450 கிராம் எடை, குட்டிக்கு அதில் பாதி. டென்னிஸ் பந்து வேண்டாம். அதன் மேலுறை பல்லைத் தேய்க்கும், துள்ளி ஓடும் பந்து துரத்தும் வெறியை வளர்க்கும், பெரிய வாய்க்குள் போனால் தொண்டையிலும் சிக்கும். விசிலில் சுருதி எண் போட்டிருக்கும். ரிட்ரீவருக்குப் பலரும் 211.5 வாங்குவார்கள். வீட்டில் எல்லாரும் ஒரே எண் வைத்திருந்தால் ஒன்று தொலைந்தாலும் நாய்க்குக் குழப்பமில்லை. நீளமாக ஒரு ஊதல் என்றால் உட்கார், குட்டிக் குட்டியாகப் பல ஊதல் என்றால் திரும்பி வா.

முதல் பாடம், ஓடாமல் இருப்பது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நாயை இடப்பக்கம் உட்கார வைத்து, 5 மீட்டர் தள்ளி டம்மியைப் போடுங்கள். நாயை அனுப்பாமல் நீங்களே நடந்துபோய் எடுங்கள். பத்து முறை போட்டால் ஆறேழு முறை நீங்கள்தான் எடுக்க வேண்டும். பிள்ளைகள் ஒரே மூச்சில் முப்பது முறை எறிந்து, ஒவ்வொரு முறையும் நாய் பாய்ந்தால், விழுவதையெல்லாம் துரத்தக் கற்றுக்கொள்ளும். நாளை சாலையில் உருளும் பந்தின் பின்னாலும் போகும்.

கவ்விக்கொண்டு திரும்பும்போது எதிரே போய்ப் பிடுங்கக் கூடாது. இரண்டடி பின்வாங்கிக் குனியுங்கள், தானாக வரும். தாடைக்குக் கீழ் கைவைத்து, முதலில் தட்டிக்கொடுத்து, பிறகு வாங்குங்கள். பிடுங்கிப் பழக்கினால் நாய் இறுகக் கடிக்கும், இல்லாவிட்டால் எட்ட நின்று போக்குக் காட்டும். வரிசை வீட்டின் ஓரத்துச் சந்து இதற்கு அருமையான இடம். இருபுறமும் சுவர் இருப்பதால் நேராக உங்களிடம் வருவதைத் தவிர அதற்கு வழியில்லை. ஐந்தாறு முறை போதும். ஆசை தீருமுன் நிறுத்தி, டம்மியை எடுத்து வைத்துவிட வேண்டும்.

இன்னொன்று. பாட்டி "உட்காரு" என்பார், பேரன் "சிட்" என்பான், பணிப்பெண் "டவுன்" என்பார். நாய்க்கு எந்த மொழியானாலும் சரி, ஆனால் ஒரு செயலுக்கு ஒரே சொல்தான் இருக்க வேண்டும்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். மூச்சிரைத்துத்தான் நாய் உடல்சூட்டைத் தணிக்கிறது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அது சரியாக நடப்பதில்லை. பயிற்சியைக் காலை எட்டு மணிக்கு முன்போ இரவு ஏழு மணிக்குப் பின்போ வைத்துக்கொள்ளுங்கள். புறங்கையைத் தாரில் 7 விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது சூடுதான். வேலை வெறி கொண்ட லாப்ரடார் தானாக நிற்காது, நாம்தான் நிறுத்த வேண்டும். நாக்கு அகன்று தொங்குவது, ஈறு கருஞ்சிவப்பாவது, எச்சில் கெட்டியாவது, கால் தடுமாறுவது எல்லாம் ஆபத்தின் அறிகுறிகள். உடனே குழாய்த் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி விசிறுங்கள். குளிர்வித்த பிறகே மருத்துவரிடம் கிளம்புங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

நீந்திய மறுநாள் வால் செத்ததுபோல் தொங்கினால் எலும்பு முறிந்துவிட்டதாகப் பதற வேண்டாம். பெரும்பாலும் வாலடித் தசைப் பிடிப்புதான், சில நாள் ஓய்வில் சரியாகும். வலி அதிகமானால் மருத்துவரிடம் காட்டுங்கள். காதை மட்டும் ஒவ்வொரு முறையும் துடைத்து உலர்த்த வேண்டும். புல்லில் வேலை செய்த பிறகு விரலிடுக்கு, காதின் உட்புறம், கழுத்துப்பட்டைக்குக் கீழ் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் இங்கே அரிதல்ல.

துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழக்கும் முறை நமக்கும் உதவும். தொலைவில் மெல்லிய சத்தம், கூடவே தீனி. நாய் கலங்காவிட்டால் மட்டும் அடுத்த நாள் சற்று நெருங்குவது. தேசிய தின அணிவகுப்பு ஒத்திகையின் போர் விமானங்களும் இடிமழையும் வருமுன்பே, பதிவு செய்த ஒலியை மெதுவாக வைத்து இதைத் தொடங்கிவிடலாம்.

சிக்கல் இடத்தில்தான். பொது இடத்தில் நாய் வாரில் இருக்க வேண்டும், அது நியாயமான விதி. பூங்காவில் நீளக் கயிறு கட்டினால் நுனி கையில் இருக்கட்டும். கயிறு முடியும் இடத்தில் வரும் வெட்டியிழுப்பு கழுத்தைத் தாக்காதபடி, அதை மார்புப்பட்டையில் மாட்டுங்கள். நீர்நாய், உடும்பு, காட்டுக்கோழி எல்லாம் இருக்கும் ஊர் இது. மோப்பத்துக்கென்றே வளர்த்த நாய் அவற்றைத் தேடிப் போகத்தான் பார்க்கும்.

பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் உள்ளதுபோன்ற நாய் ஓடுதளங்களில் வாரை அவிழ்க்கலாம். ஆனால் மற்ற நாய்கள் இருக்கையில் டம்மியை எறிந்தால் சண்டைதான். அதனால் தேசியப் பூங்காக் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். இனி அமைக்கும் ஓடுதளம் ஒன்றிலாவது 40 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்தில் தனியாக வேலியிட்ட பாதையை ஒதுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு நாய், ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று விட்டால் வரிசையும் சீக்கிரம் நகரும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் அனுமதிக்கப்பட்ட மினியேச்சர் பூடிலும் தண்ணீரில் இறங்கி வாத்து எடுத்துவந்த வேட்டை நாய் இனத்தின் வழிவந்ததுதான். அதுவும் அங்கே வரிசையில் நிற்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிராங்கூன் கார்டன்ஸ்