ரிம்மில் ஒரே ஓட்டைதான்

மாப்ளே,

தங்கச்சி, பிள்ளைகள் எல்லோரையும் விசாரித்ததாக வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு பிரித்ததும் உன்னைத்தான் கேட்டாள், என்னை இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் ஃபியட் புன்டோ காருக்கு அலாய் வீல் மாட்டிய போட்டோ பார்த்தேன். அழகுதான். ஆனால் கீழே, "ரிம்மிலும் நாலு ஓட்டை, காரிலும் நாலு ஓட்டை, கச்சிதம். எண்பதைத் தாண்டினால் மட்டும் ஸ்டியரிங் லேசாக உதறுது" என்று எழுதியிருந்தாய் பார், எனக்குத் தூக்கம் போச்சு.

ரிம் என்பது டயர் உட்காரும் வெளி வளையம் மட்டும்தான்டா. அதில் இருப்பது வால்வுக்கான ஒரே ஓட்டை. போல்ட் ஏறும் நாலும் நடுத்தட்டில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் வீல். ராக்கெட் சார் இதற்கே உன்னை பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

அந்த நாலு ஓட்டைகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம்தான் பிசிடி. உன் புன்டோவுக்கு அது 98 மில்லிமீட்டர். ஸ்விஃப்டுக்கு 100. கடையில் தாராளமாகக் கிடைப்பதும் இந்த 100தான். அதைத்தான் உன் தலையில் கட்டியிருப்பார்களோ என்று பயம். 114.3 என்றால் ஏறவே ஏறாது, தொல்லை விட்டது. இந்த 2 மில்லிமீட்டர்தான் ஆளைக் கவிழ்க்கும். போல்ட் இறங்கிவிடும். ஆனால் அதன் தலைக்கடியில் இருக்கும் கூம்பு, ஓட்டையின் குழியில் நேராக உட்காராமல் ஒரு பக்கமாகப் பிடிக்கும். வண்டி ஓட ஓட லூசாகும். இதற்கு எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் காசுதான் வேஸ்ட்.

ஒருவேளை வீலின் நடு ஓட்டை மட்டும் பெரிதாக இருந்து, காரில் அது உட்காரும் மையமான ஹப்புக்கும் அதற்கும் நடுவே ரிங் போடாமல் விட்டிருந்தால் பிழைத்தாய். புன்டோ ஹப்பின் விட்டம் 58.1 மில்லிமீட்டர். பொதுவாக விற்கிற அலாய் பலவற்றில் நடு ஓட்டை 73.1 வரை இருக்கும். ரிங் வாங்கிப் போட்டால் உதறல் நிற்கும்.

வீலைக் கழற்றிப் பின்பக்கம் பார், பிசிடி பொறித்திருந்தாலும் இருக்கும். இல்லையென்றால் ஒரு ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து நேர் எதிர் ஓட்டையின் உள் விளிம்பு வரை அளந்துவிடு. 100 என்று வந்தால் கடைக்காரனிடமே திருப்பிக் கொடு. கூம்பு தனியாக அசையும் போல்ட் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுச் சரிசெய்கிறேன் என்பான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் எனக்கு அது ஒப்பவில்லை.

அதுவரை பழைய வீலையே மாட்டு. எடைக்குப் போட்டுவிடவில்லையே? அளந்ததும் போன் பண்ணு, ராத்திரி எந்நேரமானாலும் பரவாயில்லை.

உன்
மச்சான்