கருப்புப் பின்னணி போதும், கடலையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கடலடிப் படங்களைப் பார்த்தேன். அழகான படங்கள்தான், எடுத்தவர்களின் உழைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடற்குதிரை, ஆக்டோபஸ், கடல் நத்தை என்று எல்லாமே கன்னங்கரேலென்ற பின்னணியில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மாதிரி நிற்கின்றன. அது எதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இருந்தது பவளமா, சேறா, பிளாஸ்டிக் பையா, ஒன்றும் தெரியவில்லை. கூடவே வந்த குறிப்பில், சின்ன உயிருக்கு மேக்ரோ லென்ஸ், பெரிய காட்சிக்கு வைட் ஆங்கிள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிற லென்ஸ்கள் வந்து வருஷக்கணக்காகிவிட்டது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கருப்பு ஒன்றும் கடலின் நிறமில்லை. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் துவாரத்தை எஃப் 22 வரை சுருக்கி (இந்த எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்), ஷட்டரை நொடியில் 200-ல் ஒரு பங்குக்கு வைத்து எடுத்தால், பிளாஷ் வெளிச்சம் விழுந்த இடம் மட்டும் பதியும், பின்னால் இருக்கிற தண்ணீர் பட்டப்பகலிலும் இருட்டாகிவிடும். பார்க்க நன்றாக இருக்கிறது என்பதால் எல்லோரும் அப்படியே எடுக்கிறார்கள், நீங்களும் அப்படியே போடுகிறீர்கள்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்டால், இந்தோனேசியாவில் பிட்டுங் துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற லெம்பே நீரிணையைச் சொல்லலாம். எரிமலை கக்கிய கருமணல் தரை, அதன்மேல் துறைமுகத்துக் குப்பை, அதற்கு நடுவில் விதவிதமான சின்ன உயிர்கள். தேங்காய் ஆக்டோபஸ் என்று ஒன்று அங்கே உண்டு. பாதிச் சிரட்டையை உடம்புக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, கைகளை விறைப்பாக ஊன்றி, மணலில் தத்தித் தத்திப் போகும். ஆபத்து என்று தெரிந்தால் இரண்டு சிரட்டைகளை மேலும் கீழுமாகப் பொருத்தி உள்ளே உட்கார்ந்துகொள்ளும். முதுகெலும்பில்லாத பிராணியும் கருவியைக் கையாள்கிறது என்று ஆய்வாளர்கள் 2009-ல் எழுதியது இதை வைத்துத்தான், அவர்கள் பார்த்ததும் வடக்கு சுலவேசி, பாலிக் கடல்களில்தான். இந்தப் பிராணியின் கண்ணை மட்டும் கருப்பில் எடுத்துப் போட்டால் மிஞ்சுவது ஒரு கண், அவ்வளவுதான். சிரட்டை தெரிய வேண்டும், அது நடந்து வந்த மணல் தெரிய வேண்டும், பின்னால் பாட்டில் கிடந்தால் அதுவும் தெரியட்டுமே.

இதற்கு ரொம்ப நாளாக இருக்கிற வழி, கண்ணாடியை ஒட்டி இருப்பதையும் ஃபோகஸ் செய்யக்கூடிய, மிக அகலமாகப் பார்க்கிற ஃபிஷ் ஐ லென்ஸும், அதன் முன்னால் மாட்டுகிற, சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள சின்ன டோமும் (அரைக்கோளக் கண்ணாடி). டோம் சின்னதாக இருந்தால்தான் ஆக்டோபஸுக்கு இரண்டு விரல் தூரம் வரை போக முடியும், பிளாஷ்களையும் பக்கத்தில் இழுத்து வைக்க முடியும். ஆனால் வளைந்த கண்ணாடி தண்ணீருக்குள் போனதும் தானே ஒரு லென்ஸாகிவிடுவதால், தூரத்துக் காட்சி கேமராவுக்குக் கண்ணாடிக்குச் சற்று முன்னாலேயே இருப்பதுபோல் (மாயபிம்பமாக) தெரியும், டோம் சிறுத்தால் இன்னும் கிட்டே வரும். படத்தின் ஓரங்கள் கலங்குவதும் இதனால்தான். அப்புறம் 2015 வாக்கில் லாவோவா 15 மி.மீ. லென்ஸ் வந்தது, வைட் ஆங்கிளாகவே இருந்துகொண்டு 1:1 மேக்ரோ தரும், அதாவது பொருளின் பிம்பம் கேமராவின் சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும். அதே கம்பெனியின் 24 மி.மீ. புரோப் லென்ஸ், 40 செ.மீ. நீளக் குழாய், நுனியில் குட்டி விளக்குகள். அதன் முன்பக்கம் மட்டும்தான் தண்ணீர் தாங்கும், கேமரா பக்கம் நனைந்தால் கதை முடிந்தது. துவாரமும் எஃப் 14-ல்தான் ஆரம்பம் என்பதால் வெளிச்சத்துக்குத் திண்டாட்டம்.

இப்போது பெரிதாகப் பேசப்படுவது நாட்டிகாம் நிறுவனத்தின் ஈ.எம்.டபிள்யூ.எல். என்கிற குழாய் லென்ஸ். சாதாரண மேக்ரோ லென்ஸை ஹவுசிங்குக்குள் (கேமராவின் நீர்புகாக் கூடு) வைத்துவிட்டு, இந்தக் குழாயை வெளியே, தண்ணீரிலேயே மாட்ட வேண்டும். எவ்வளவு அகலம் தெரிய வேண்டுமோ அதற்கேற்ப 60, 100, 130 டிகிரி என்று நுனியை மாற்றிக்கொள்ளலாம். நடுவில் பிம்பத்தை நிமிர்த்துகிற ரிலே பகுதியைச் சேர்க்காவிட்டால் திரையில் எல்லாம் தலைகீழாகத் தெரியும், அப்படியே பழகிக்கொண்டு எடுப்பவர்களும் இருக்கிறார்கள்! விலை லட்சக்கணக்கில். யாரையும் வாங்கச் சொல்லவில்லை.

இதில் ஒரு கெடுதலும் இருக்கிறது. லென்ஸ் கிட்டே போகப் போக ஆளும் கிட்டே போகிறார், துடுப்பு மணலைக் கிளப்புகிறது, கடற்குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டால் வழிகாட்டி குச்சியால் தட்டித் திருப்புகிறார். 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, தரையோடு வாழும் மீன்களை பிளாஷ் வெளிச்சத்தைவிடக் கையால் தொட்டு நகர்த்துவதுதான் அதிகம் கலவரப்படுத்துகிறது என்று சொன்னது. நம் நாட்டில் கடற்குதிரைக்கு 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆகவே படம் வாங்கும்போது எந்த லென்ஸ், எவ்வளவு கிட்டே போனீர்கள், எதையாவது நகர்த்தினீர்களா என்று எடுத்தவரிடம் கேட்டு, பதிலைப் படத்துக்குக் கீழேயே போடுங்கள். கேமரா மாடலைவிட அதுதான் வாசகருக்கு வேண்டியது.

நம் கடலுக்கு இந்த முறை பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில் தண்ணீர் கலங்கிக் கிடக்கிற நாளில் தூரத்துக் காட்சி எதுவும் தேறாது. ஒரு சாண் தூரத்தில் எடுக்கிற படத்துக்கு அந்தக் கலங்கல் பெரிய தடையில்லை, கடற்குதிரை வால் சுற்றிய கடற்புல்லும் அதன் பின்னால் பச்சைத் தண்ணீரும் சேர்ந்தே கிடைக்கும், தண்ணீர் விழுங்கிவிடுகிற சிவப்பு நிறத்தை பிளாஷ் ஈடுகட்டிவிடும். அப்படி எடுப்பவரிடம் அகலமான படம் கையிலேயே இருக்கும். பத்திரிகைக்குக் கருப்புப் பின்னணிதான் பிடிக்கும் என்று நினைத்து அனுப்பாமல் வைத்திருப்பார், ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி