முதலில் குழாய், அப்புறம் நடைபாதை

மும்பைக் கிழக்குக் கடலோரத் துறைமுக நிலத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் துறைமுக நிலத்தில் இருக்கும் எங்கள் கவுலா பந்தர் குடிசைப் பகுதியில் மறுபடியும் ரெய்டு. தண்ணீர் இழுக்கிற மோட்டார்களையும் ரப்பர் பைப்புகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் இந்த மடல்.

எங்கள் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தப் பழைய படகுத்துறையில் முதலில் குடிசை போட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பக்கத்துத் தாருகானாவில் கப்பல் உடைத்தும் பழைய இரும்பு சுமந்தும் பிழைத்தோம். 1989-இல் நவ சேவா துறைமுகம் வந்தபின் சரக்கு மெல்ல அக்கரைக்குப் போனது. துறைமுக நிலத்தை என்ன செய்யலாம் என்று 2014-இல் ராணி ஜாதவ் குழு அறிக்கை, 2018-இல் வரைவுத் திட்டம் என்று பூங்காவும் நடைபாதையும் காகிதத்தில் வந்தன. நல்லது. ஊருக்கு மூடிக் கிடந்த கடலோரம் திறக்கட்டும், யார் வேண்டாம் என்றது?

ஆனால் முதலில் எங்களுக்குக் குடிநீர் இணைப்பு வேண்டும்.

தீயணைப்புக்காகப் போட்ட நிலத்தடிக் குழாயில் மோட்டார் வைத்து இழுத்த தண்ணீரைத்தான் விலைக்கு வாங்குகிறோம். எப்போது வரும் என்று விற்பவனுக்கே தெரியாது. வருகிற நேரத்தில் வீட்டில் ஆள் இருந்தாக வேண்டும் என்பதால் அம்மாக்கள் வேலைக்கு லீவு, இல்லையென்றால் மகள் பள்ளிக்கு மட்டம். கலங்கலாக வரும் முதல் குடத்தைக் கீழே ஊற்றிவிட்டு, பைப் வாயில் துணி கட்டி டிரம்மில் பிடிக்க வேண்டும். மோட்டார் பறிபோன நாட்களில் அதே டிரம்மை ரோட்டில் உருட்டிக்கொண்டு போகிறோம். ஒழுங்கான இணைப்பு உள்ள வீடுகளைவிடப் பல மடங்கு காசு கொடுக்கிறோம். ஆகவே இலவசம் கேட்கிறோம் என்று நினைக்க வேண்டாம்.

குடிசை அனுமதியில்லாதது என்றாலும் தண்ணீர் மறுக்கக் கூடாது என்று 2014 டிசம்பரிலேயே மும்பை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாங்கள் போய்க் கேட்டால் ஓர் அலுவலகத்தில், "நிலம் மத்திய அரசுடையது, அங்கே கடிதம் வாங்கி வா" என்கிறார்கள். இன்னோர் அலுவலகத்தில், "ஆக்கிரமிப்புக்கு ஏது கடிதம்?" என்கிறார்கள்.

இதே கடலோரத்துச் சிவ்ரி சேற்றுக்கு வரும் பூநாரைகளைப் பற்றி ஊரே கவலைப்படுகிறது. படட்டும், அழகான பறவைகள்தான். சீசன் முடிந்தால் அவை பறந்துவிடும். எங்களுக்கு ஏது சீசன்? அப்புறம், சுற்றுச்சூழலுக்கு உகந்த குடியிருப்பு கட்டப் போகிறீர்களாம். பாத்திரம் கழுவிய தண்ணீரில் தரை துடைக்கிறவர்கள் நாங்கள். ஆலோசனைக் கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருக்கலாமே, கட்டணம்கூடக் கேட்டிருக்க மாட்டோம்.

சரி, கோபத்தில் ஏதாவது கூடுதலாக வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திட்டம் முடியும்வரை காத்திருங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். குடிநீர் இணைப்புக்குத் தடையில்லை என்று ஒரு கடிதம், கோடை தொடங்குவதற்குள் கொடுங்கள். அதுவரை மோட்டார்களைத் தொடாமல் இருக்கும்படி தயவுசெய்து உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கவுலா பந்தர்வாசி ஒருவர்